நாளைப் போவார் சங்கம்

கிறிஸ்துமஸ் விடுமுறை என்பது நம் தேசத்தில் ஒரு விசித்திரமான வஸ்து. கிறிஸ்தவர்களுக்கு அது பண்டிகை. மற்றவர்களுக்கு அது யோசனை. "இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்று ஐப்பசியிலேயே ஆரம்பித்து, மார்கழி முடியும் வரையில் யோசித்துக்கொண்டே இருந்து, தை பிறந்ததும் "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிம்மதியாய்ப் பெருமூச்சு விடும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. நேயர்களில் சிலருக்கு அப்படிப்பட்ட குடும்பம் ஒன்று மிகவும் நெருக்கமாகத் தெரிந்திருக்கவும் கூடும்.

நம் பாட்டன்மார்கள் இந்த விடுமுறையை வெறும் யோசனையிலே கழித்துவிடவில்லை. 1885ஆம் வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடிக் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கினார்கள். அது முதல் 1929இல் லாகூரில் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய வரையில், மகாசபை பெரும்பாலும் டிசம்பர்க் கடைசியிலேயே கூடிற்று. வக்கீல்களுக்குக் கோர்ட்டு இல்லை. உபாத்தியாயர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெயிலின் கொடுமையும் இல்லை. வெள்ளைக்கார சர்க்கார் தன் பண்டிகைக்காக விட்ட ரஜாவில், அந்தச் சர்க்காரையே வீட்டுக்கு அனுப்பும் காரியம் நடந்தது! இதைவிட ரஜாவை நன்றாக உபயோகித்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் மகாசபை கூடியபோது, அதையொட்டிச் சங்கீத மகாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பயனாக மறு வருஷம் சென்னை சங்கீத வித்வத் சபை பிறந்தது. இன்றைக்கும் மார்கழியில் சென்னை நகரம் முழுவதும் பாட்டாய் இருப்பதற்கு மூலகாரணம் அந்தக் கிறிஸ்துமஸ் வாரந்தான்.

இவ்வளவு கீர்த்தி வாய்ந்த விடுமுறையில் சிநேகிதர்களாகிய நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பிரயாணம் போகவேண்டும் என்று பல வருஷங்களாகத் தீர்மானம் நிறைவேற்றி வந்தோம். எங்களில் ஒருவர் வக்கீல். ஒருவர் பாங்கிக் கணக்கர். ஒருவர் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஒருவர் துறைமுகக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கும் கடலூர்க்காரர். ஐந்தாமவர் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர். தீர்மானங்கள் ஏகமனதாய் நிறைவேறும். காரியம் மட்டும் நடக்காது. இதைப் பார்த்து வக்கீல் நண்பர் எங்கள் கூட்டத்துக்கு 'நாளைப் போவார் சங்கம்' என்று நாமகரணம் செய்தார்.

பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் எங்களைப் போன்றவர் அல்லர். ஆதனூரில் பிறந்த நந்தனார், தில்லையைத் தரிசிக்க வேண்டும் என்ற தாகத்தால், "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று அறுபத்து மூவரில் ஒருவரானார். அவருக்கு ரஜா கிடைக்காத குறை அல்ல. ஜாதி வழி மறித்தது. அவர் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனங்களாகப் பாடிய பிறகு, அது தமிழ்நாட்டில் பட்டிதொட்டி எல்லாம் பரவிற்று. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களைப் பார்த்து ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். நந்தனாரின் 'நாளை'க்குள் இருந்தது துக்கம். நம்முடைய 'நாளை'க்குள் இருப்பது சோம்பல். இதை ஆசிரியை ஒரு நாள் சொன்னபோது, சங்கத்தில் சிறிது நேரம் மௌனம் நிலவியது.

2023ஆம் வருஷந்தான் சங்கம் விழித்துக்கொண்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் வக்கீல் நண்பர் பஞ்சாங்கமும் கையுமாய் வந்தார். சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் செய்துவைப்பதாகத் தம் தாயாருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் அதற்குள் காலமாகிவிட்டார். வாக்கு மட்டும் பாக்கி இருந்தது.

"பாருங்கள்! டிசம்பர் 25 திங்கட்கிழமை கிறிஸ்துமஸ். 26 செவ்வாய் சிதம்பரத்தில் தேர். 27 புதன் ஆருத்திரா. இந்த மாதிரி மறுபடியும் எப்போது வாய்க்கும்?" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கிறிஸ்துமஸ் காலண்டரில் ஆணி அடித்தாற்போல் ஒரே தேதியில் நிற்கிறது. ஆருத்திராவோ மார்கழி மாதத்தில் சந்திரன் திருவாதிரை நட்சத்திரத்தோடு கூடும் நாள். சந்திரன் யாருடைய ரஜா மனுவையும் பார்த்து நடப்பதில்லை. சில வருஷம் டிசம்பர்க் கடைசியில் வரும். சில வருஷம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து நிற்கும்.

உடனே கணக்கர் ஒரு காகிதத்தை எடுத்துக் கோடு போட்டார். அவருடைய கட்சி வேறு. விடுமுறை என்றால் ஒரு நகரத்துக்குப் போகவேண்டும். அங்கே விளக்கு அலங்காரமும் கடைவீதியும் நல்ல சாப்பாடும் இருக்கவேண்டும் என்பது அவர் சித்தாந்தம். "உதகமண்டலம் போகலாம், இல்லாவிட்டால் புதுச்சேரி. சிதம்பரத்தில் என்ன இருக்கிறது? கோயிலைத் தவிர?" என்று கேட்டார்.

"சிதம்பரத்தில் கோயிலைத் தவிர வேறென்ன வேண்டும்?" என்றார் வக்கீல்.

வாதம் முற்றி, வழக்கம்போல் அடுத்த வருஷத்துக்கு வாய்தா விழும் தறுவாயில் ஆசிரியை குறுக்கிட்டார். "உங்கள் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை. எனக்குக் கிறிஸ்துமஸ். நான் எப்படியும் 24ஆம் தேதி கடலூர் முதுநகரில் எங்கள் தாய்வீட்டில் இருப்பேன். பண்டிகை பார்க்க ஊர் ஊராய் அலைவானேன்? பண்டிகை உள்ள வீட்டுக்கு வாருங்களேன்!" என்றார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஒரே பாதையில் இரண்டு ஊர், இரண்டு பண்டிகை. அந்த ஒரு வார்த்தையில் பல வருஷத்து வழக்கு தீர்ந்தது. அக்காலத்தில் ரயிலுக்கு 120 நாட்கள் முன்னதாகவே இடம் பதிவு செய்யலாம். ஆகையால் ஆகஸ்டு முடிவதற்குள் எழும்பூரிலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு டிக்கெட்டுகள் வாங்கியாகிவிட்டது. டிக்கெட்டு வாங்கிய பிறகு சங்கத்தின் பெயரைத் தக்கவைத்துக்கொள்வது கஷ்டம்.

கடலூர் ஒரு நகரமே அல்ல என்று கணக்கர் கடைசி அஸ்திரமாகச் சொல்லிப் பார்த்தார். 2021இல் அது மாநகராட்சியானதை எடுத்துக் காட்டினோம். ஆனால் கடலூரின் பெருமைக்கு மாநகராட்சிப் பட்டம் அவசியமே இல்லை. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து நாலா திக்கிலும் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரையில் உள்ள ஊர்கள் எல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்பது கிரயத்தின் நிபந்தனை. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலையே இருக்கிறது. நிலம் அளக்கச் சங்கிலியும் முழக்கோலும் உண்டென்று நாம் அறிவோம். பீரங்கியால் நிலம் அளந்தவர்கள் பிற்பாடு தேசத்தையே அளந்துகொண்டதில் ஆச்சரியம் என்ன?

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானம் இந்தக் கோட்டைக்கு வந்தது. 1752 வரையில் இங்கேயே இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். இன்று கெடிலக் கரையில் சிதைந்த சுவர்களே மிச்சம்.

ஆனால் நமக்குக் கடலூர் என்றால் கிளைவின் ஊர் அல்ல. 1918 நவம்பர் 20ஆம் தேதி, புதுச்சேரி வாசத்தை முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்த பாரதியாரைக் கைது செய்து வைத்தது கடலூர்ச் சிறையில். டிசம்பர் 14 அன்றுதான் அவர் வெளியே வந்தார். 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றுவதற்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்ற அஞ்சலை அம்மாள் கடலூர் முதுநகரில் பிறந்தவர். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். கல்லைக் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் சுவாமிகள் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறியதும் இந்த ஊரிலேதான் என்பது ஐதிகம். மூழ்காதவர்களின் ஊர் என்று கடலூருக்குப் பெயர் வைக்கலாம் போல் தோன்றிற்று.

இப்படி விளையாட்டாக நாங்கள் சொன்னபோது, கடலூர்க்காரர் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

அக்டோபர் மாதத்தில் கணக்கர் நான்கு நாளைக்கும் மணிக்கணக்காக ஒரு திட்டம் தயாரித்துக் கொண்டுவந்தார். '25: காலை, மாதாகோயில், பகல், விருந்து, மாலை, மஞ்சக்குப்பம். 26: காலை 8 மணி, தேவனாம்பட்டினம் கடற்கரை, உல்லாசம், 10 மணி, சிதம்பரத்துக்குப் புறப்பாடு' என்று அழகாய் எழுதியிருந்தார். கடலூர்க்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து 'உல்லாசம்' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"அந்தக் காலையில் எங்கள் கரையில் ஒருவரும் உல்லாசமாக இருக்கமாட்டார்கள்" என்றார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மாத்திரம் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினம் மிகவும் அடிபட்ட ஊர்களில் ஒன்று. எங்கள் நண்பரின் தங்கை அங்கே மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது ஒன்பது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர்க் கடைசியில் அவர் எங்களோடு சேராமல் ஊருக்குப் போய்விடுவது வழக்கம். ஊர்ப்பாசம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவரும் அப்படியே எண்ண விட்டிருந்தார்.

கணக்கர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் 26ஆம் தேதி காலை நாங்கள் அங்கே வருவது சரியல்ல, நேரே சிதம்பரம் போய்விடுகிறோம்" என்று மெதுவாய்ச் சொன்னார்.

"நான் அடித்தது ஒரு வார்த்தையைத்தானே? வரவேண்டாம் என்று எங்கே எழுதினேன்?" என்றார் கடலூர்க்காரர். "அன்றைக்கு ஊரார் எல்லோரும் கடலில் பால் விட்டுப் பூப்போடுவோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைக் கண்டால் எங்களுக்கு வெறுப்பாய் இருக்கும். துக்கம் கேட்க வருகிறவர்களை யார் வேண்டாம் என்பார்கள்?"

எங்கள் யாத்திரையின் திட்டம் அன்றுதான் உண்மையில் தயாராயிற்று என்று சொல்லவேண்டும். அதற்கு முன் நாங்கள் எங்களுக்கு என்ன வேண்டும் என்பதையே எழுதிக்கொண்டிருந்தோம். அந்தந்த ஊரில் அன்றன்றைக்கு என்ன நடக்கிறது, அதில் நம்முடைய இடம் எது என்ற கேள்வி பிறகுதான் பிறந்தது. ஓர் ஊரின் கொண்டாட்டத்துக்குள் போகிறவன் அதன் துக்கத்தையும் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. இந்தக் கரைக்கோ டிசம்பர் மாதம் பொல்லாத மாதம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. ஒரு பலாமரம் விழுந்தால் ஒரு தலைமுறையின் வருமானம் விழுந்தது என்று அர்த்தம்.

பிரயாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் சோதனை எங்கள் வாசலுக்கே வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலின் மழையில் சென்னை நகரம் மிதந்தது. கணக்கரின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அது வடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் பெருவெள்ளம். "இந்தச் சமயத்தில் பிரயாணமா?" என்ற கேள்வி எழுந்தது. விசேஷம் என்னவென்றால், "போகத்தான் வேண்டும்" என்று சொன்னவர் கணக்கரே. திட்டத்தில் 'ஜாகை, சாப்பாடு, எதிர்பாராத செலவு' என்று மூன்று தலைப்புகள் இருந்தன. ஜாகைத் தலைப்பை அவர் பாதியாக்கினார். சிதம்பரத்தில் ஒரு விடுதியார் தேர்த் திருநாளை முன்னிட்டுக் கேட்ட வாடகை, ரதத்தையே விலைக்குக் கேட்டதுபோல் இருந்தபடியால், இது அவ்வளவு கடினமாக இல்லை. கீழவீதிக்குப் பக்கத்தில் வக்கீலின் உறவினர் ஒருவர் வீட்டுத் திண்ணையும் கூடமும் எங்களுக்குப் போதும் என்று ஆயிற்று. மிச்சமான பணம் வெள்ள நிவாரணத்துக்குப் போயிற்று.

போய்வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லுகிறோம். கிறிஸ்துமஸ் அன்று காலை முதுநகர் ஆலயத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குக் கடலூரே தலைமை ஸ்தலம். புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தின் பெயரிலேயே கடலூர் இருக்கிறது. ஆகவே பண்டிகை அங்கே இரவல் பண்டிகை அல்ல. வாசலில் மாக்கோலம், சமையலறையில் அதிரசமும் முறுக்கும், பனியில் நனைந்த காகித நட்சத்திரம். விருந்து பரிமாறிய ஆசிரியையின் தாயார், "பண்டிகைக்கு ஐந்து பேர் கூட வந்தால்தான் அது பண்டிகை" என்று சொல்லிக்கொண்டே இலையில் மறுபடியும் சாதத்தைச் சரித்தார்.

மறுநாள் காலை தேவனாம்பட்டினத்தில் கடல் அமைதியாய் இருந்தது. ஜனங்கள் குடம் குடமாகப் பால் கொண்டுவந்து அலையில் விட்டார்கள். சில ஸ்திரீகள் கடலைப் பார்த்து உரக்கக் கேள்வி கேட்டார்கள். நண்பர் தண்ணீரில் இறங்கி நின்று ஒரு பொட்டலம் மல்லிகையை அவிழ்த்தார். வக்கீல் தாம் கொண்டுவந்திருந்த செம்புப் பாலை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி, பாதியைத் தாம் விட்டுவிட்டு, மீதியை வக்கீலிடமே திருப்பிக் கொடுத்தார். நாங்கள் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது வீதிகளில் நிற்க இடம் இல்லை. மற்ற ஸ்தலங்களில் மூலவர் கர்ப்பக்கிருகத்திலேயே இருக்க, உற்சவரே வீதிக்கு எழுந்தருளுவார். தில்லையிலோ நடராஜப் பெருமானே மூலவர், அவரே உற்சவர். ஆனியிலும் மார்கழியிலும் ஒன்பதாம் நாள் சித்சபையை விட்டு வெளியே வந்து தேரேறுகிறார். விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி அம்மை, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் அசைந்து அசைந்து வந்தன. வடத்தில் எத்தனையோ கைகள். எந்தக் கை யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. நந்தனாரை இந்த மதிலுக்கு வெளியே நிறுத்திய ஊர் இதுதான். நந்தனார் பெயராலேயே சுவாமி சகஜானந்தர் பள்ளிக்கூடம் வைத்து, தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு எழுத்தறிவித்ததும் இதே ஊர்தான். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் சென்னை ராஜதானியின் கோயில் கதவுகள் எல்லோருக்கும் திறக்கச் சட்டத்தில் இடம் உண்டாயிற்று. நந்தனாரின் 'நாளை' சட்டப் புஸ்தகத்தில் ஏற எத்தனை நூற்றாண்டு பிடித்தது!

அன்றிரவு பெருமான் ஆயிரக்கால் மண்டபத்தில் தங்கினார். விடியற்காலை மகாபிஷேகம், பிற்பகலில் அம்மையும் அப்பனும் முன்னும் பின்னும் ஆடியபடி சித்சபைக்குத் திரும்பும் தரிசனம். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாயாருக்குக் கொடுத்த வாக்கு தீர்ந்தது. திண்ணையில் எங்களுக்குத் திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும் கிடைத்தன. கடலூரிலிருந்து ஆசிரியை கொண்டுவந்திருந்த பிளம் கேக் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் போயிற்று. இந்தப் பண்டமாற்றில் யாருக்கு அதிக லாபம் என்று கணக்கராலேயே கணக்குப் பார்க்க முடியவில்லை.

28ஆம் தேதி பிச்சாவரத்தில் படகேறினோம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இப்போது ஊருக்குள் காணக் கிடைப்பது அருமை. இந்தக் கழிமுகத்தில் சுரபுன்னையோடு சேர்ந்து வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று படகோட்டி எச்சரித்தார். ஆனால் அதே காடு வேறு விதத்தில் கண் திறந்திருக்கிறது. பேரலைக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று 2005இல் வெளியிட்டார்கள். கடலூர்க்காரர் படகின் ஓரத்தில் சாய்ந்து, வேர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். "எங்கள் கரையிலும் இவை இருந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

விடுமுறைக்கு யோசனை செய்துகொண்டிருக்கும் நேயர்களுக்கு அனுபவத்திலிருந்து இரண்டொரு வார்த்தை. ரயிலுக்கு 120 நாள் அவகாசம் இப்போது இல்லை. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். ஆகவே யோசிக்கும் காலத்தையும் பாதியாக்குவது நலம். சிதம்பரம் போகிறவர்கள் ரஜா மனு எழுதுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் புரட்டவேண்டும். 2023 டிசம்பர் 27க்குப் பிறகு ஆருத்திரா 2025 ஜனவரி 13 அன்றுதான் வந்தது. 2024ஆம் வருஷக் காலண்டரில் ஆருத்திராவே கிடையாது! அதற்கடுத்தது 2026 ஜனவரி 3. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: எந்த ஊருக்குப் போவதானாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், "அன்றைக்கு உங்கள் ஊரில் என்ன?" என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, முன்பதிவும் வேண்டியதில்லை. கிடைக்கும் பதிலால் உங்கள் திட்டத்தில் ஒரு வார்த்தை அடிபடலாம். அடிபட்டால் நல்லது, அதன் பிறகு புறப்படுங்கள்.